ஆட்டோவின் பின்னால் யாமிரா

"யாரது யாமிரா?"

துர்கா இதைக் கேட்டபோது அவள் கையில் ஆரத்தித் தட்டு இருந்தது. தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. புதிதாக வாங்கிய பழைய ஆட்டோவுக்கு முன்பக்கம் சுற்றி முடித்தவள், வந்ததோடு பின்பக்கமும் ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம் என்று போய்விட்டாள். வழக்கமாக யாரும் ஆட்டோவின் பின்பக்கத்துக்கு ஆரத்தி எடுப்பதில்லை. அவள் புருஷன் லோகு அந்த வழக்கத்தை நம்பித்தான் வண்டியின் பின்பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தியிருந்தான்.

பின்பக்க மஞ்சள் தகரத்தில் பளிச்சென்ற சிவப்பில், ஓரத்துக்கு வெள்ளை நிழல் கொடுத்து, இந்தப் பக்கம் ஒரு ரோஜா அந்தப் பக்கம் ஒரு ரோஜா வைத்து, 'யாமிரா' என்று எழுதியிருந்தது. பெயின்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை.

"சொந்த வண்டி வாங்கினா பின்னாடி 'துர்கா'ன்னு எழுதுவேன்னு சொன்னியே. கண்ணாலத்துக்கு முன்னாடியே சொன்னே. பீச்சுல சொன்னே. சுண்டல் துன்னுகினே சொன்னே."

சொன்னதுதான். சுண்டலும் உண்மைதான்.

நடந்தது ரொம்பச் சின்ன விஷயம். வண்டியை லோகு சேலையூர் ஜாகிரிடம் வாங்கினான். "பின்னாடி இருக்கிறது என் பொண்ணு பேரு தம்பி" என்று ஜாகிர் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். லோகு வாங்கின கையோடு கேம்ப் ரோட்டில் பெயின்டர் பரணியிடம் வண்டியை விட்டு, "பழைய பேர அழிச்சிட்டு துர்கான்னு எழுதுப்பா" என்று சொல்லிவிட்டு வந்தான். சாயங்காலம் போய்ப் பார்த்தால் வண்டி முழுக்கப் புது மஞ்சள். அந்தப் பெயர் மட்டும் அப்படியே இருந்தது. அப்படியே என்றுகூடச் சொல்ல முடியாது. அதற்கும் மேலே ஒரு கோட்டிங் கொடுத்திருந்தான். ரோஜாக்களும் பரணியின் உபயம்.

"பொண்ணு பேர் மேல நான் பெயின்ட் அடிக்க மாட்டேண்ணா," என்றான் பரணி. "இந்த ஏரியால எந்த பெயின்டரும் அடிக்க மாட்டான். அந்தப் பேர்ல ஒரு பொண்ணு எங்கியோ நல்லா கீது. அத்த அழிச்ச பாவம் எனக்கு இன்னாத்துக்கு?"

"பையன் பேரா இருந்தா?"

"அதெல்லாம் தின்னர் போட்டு தொடச்சிருவேன்."

"துர்காவும் பொண்ணு பேருதான்டா."

"அதான் முன்னாடி மட்கார்டுல எழுதி வுட்டுக்கீறேன். பாரு."

லோகு குனிந்து பார்த்தான். எழுதித்தான் இருந்தது. எறும்புகள் நின்று படிக்கிற அளவில்.

இப்போது கற்பூரத்துக்கு எதிரில் நின்றுகொண்டு, இந்த உண்மையைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். 'பெயின்டர் அழிக்க மாட்டேன்னுட்டான்.' கேட்பதற்கு அது அசல் பொய் மாதிரியே இருந்தது. துர்காவோ நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அவள் உதடு துடிக்க ஆரம்பித்திருந்தது. சரி, கேட்பதற்கு உண்மை மாதிரி இருக்கிற ஒன்றைச் சொல்லிவிடுவோம் என்று லோகுவின் வாய் அவனைக் கேட்காமலேயே முடிவெடுத்தது.

"நம்ம பொண்ணு பேரு," என்றான்.

"எந்தப் பொண்ணு?"

லோகு அவள் வயிற்றைக் காட்டினான். "பொறக்கப்போற நம்ம பொண்ணு. உனுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு எழுதச் சொன்னேன்."

துர்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கற்பூரம் அணைந்ததுகூடத் தெரியாமல் நின்றாள். அன்று மதியம் வஞ்சிரம் வறுவலில் நடுத்துண்டு லோகுவின் தட்டில் விழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து நடுத்துண்டு என்பது துர்காவின் அம்மா அங்காளம்மாளுக்கு என்று ஒதுக்கப்பட்ட ஒன்று. தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள் அவள். நடுத்துண்டின் மேல் அவளுக்குத் தொழில்முறை உரிமை இருந்தது. அவளே அதை எடுத்து மாப்பிள்ளைக்கு வைத்தாள்.

பொய்க்கு இவ்வளவு ருசி இருக்கும் என்று லோகுவுக்கு அதுவரை தெரியாது.

"பேரு ஷோக்கா கீது மாப்ள," என்றாள் அங்காளம்மாள், வால்துண்டின் முள்ளை உறிஞ்சிக்கொண்டே. "இன்னா அர்த்தம்?"

லோகு நடுத்துண்டைத் தட்டில் திரும்ப வைத்தான்.

"வெளிச்சம்," என்றான் லோகு. "விடிகாலைல மொதல்ல வருமே, அந்த வெளிச்சம்."

"இன்னா பாஷை?"

"சமஸ்கிருதம்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "கோயில்ல சாமி பேர்லயே வரும்" என்று கொசுறாக ஒன்றையும் போட்டான். மீன் வாங்கினால் கறிவேப்பிலை போடுவது போல.

அங்காளம்மாளிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் தாம்பரம் ஸ்டேஷனில் மைக் பிடித்து அறிவிப்பதும் ஒன்று. ஒரே வித்தியாசம், ஸ்டேஷன் அறிவிப்பு யாருக்கும் புரியாது. மறுநாள் காலையே அவள் கடைக்கு வருகிற எல்லோரிடமும் பேத்தியின் பெயரைச் சொல்லி, அர்த்தம் சொல்லி, அவர்கள் கருத்தைக் கேட்டுவிட்டுத்தான் மீனை வெட்டினாள். மீன் வாங்க வராத ஆள் கோயில் குருக்கள் ஒருவர்தான் என்பதால் அவரை மட்டும் நேரில் போய்ப் பார்த்தாள்.

"குருக்களு அப்படி ஒரு வார்த்தையே கேட்டதில்லேங்கறாரே மாப்ள," என்றாள் சாயங்காலம் வந்து. "ஆனா பேரு நல்லா கீதுன்னாரு."

"அவருக்கு வயசாயிடுச்சு அத்தே. இது பழைய தமிழ். நான்தான் மாத்தி சொல்லிட்டேன்."

பழைய தமிழ் இரண்டு நாள் தாங்கியது. சங்கரா மீன் வாங்க வந்த தமிழ் டீச்சர், பழைய தமிழிலும் இல்லை, புதுத் தமிழிலும் இல்லை, ஆனால் கூப்பிட நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். லோகு பெயரை அரபு நாட்டுக்கு அனுப்பினான். பிரியாணிக் கடைக்கு இறால் எடுக்க வந்த பெரியவர், "எனக்குத் தெரிஞ்சு அரபில இல்லம்மா, ஆனா அழகாத்தான் இருக்கு" என்று அங்கேயிருந்து திருப்பி அனுப்பினார். எந்த மொழிக்காரரும் அதைத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள். வாடகை வீட்டைப் பார்க்க வந்தவர்கள் சொல்வது போல.

ஒவ்வொரு சாயங்காலமும் அங்காளம்மாள் மீன் கூடையை இறக்கும் சத்தம் கேட்டால் லோகு வண்டியைத் துடைக்கப் போய்விடுவான். உலகத்தில் எத்தனை மொழி இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் அந்த மொழிகளைப் பேசுகிற எல்லோரும் என்றைக்காவது ஒருநாள் மீன் வாங்க வந்துவிடுவார்கள் என்று தோன்றியது.

அவனுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வழிதான். பிறக்கிற குழந்தை பையனாக இருந்துவிட்டால் போதும். பெயர், அர்த்தம், பாஷை எல்லாம் அத்தோடு தீர்ந்தது. பெயின்ட் பிரச்சினைக்காக ஆண் குழந்தை வேண்டிக்கொண்ட முதல் தகப்பன் லோகுவாகத்தான் இருக்கும். இரும்புலியூரில் அவன் கும்பிடாத சாமி இல்லை.

பெண் குழந்தை பிறந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ரோஸி துணியில் சுற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். குழந்தை ஒரு கண்ணைத் திறந்து லோகுவைப் பார்த்தது. 'எல்லாம் எனக்குத் தெரியும்' என்பது போல ஒரு பார்வை. லோகுவுக்கு நெஞ்சுக்குள் என்னவோ உடைந்து ஓடியது. அந்த நிமிஷத்தில் அவன் வேண்டுதல்களை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டான்.

"பேரு பாத்தாச்சா?" என்றாள் ரோஸி.

"யாமிரா," என்றாள் கட்டிலிலிருந்து துர்கா, சோர்விலும் பெருமையாக.

"அட, எங்க சர்ச்சுலயும் ஒரு யாமிரா இருக்கே. ஜெர்சன் அண்ணன் பொண்ணு. பத்தாவது படிக்குது. நல்லா பாடும்."

துர்கா லோகுவைப் பார்த்தாள். "கிறிஸ்டியன் பேரா?"

"அங்கேயும் வைப்பாங்க," என்றான் லோகு. வேறு என்ன சொல்ல முடியும்.

தொட்டில் போட்டுப் பேர் வைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகியது. அதற்குள் ஒரு அர்த்தத்தையாவது நிரந்தரமாகப் பிடித்து வைத்துவிட வேண்டும் என்று லோகு துடித்தான். தினமும் சேலையூரிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு அவன் வண்டியில் வருகிற ஒரு காலேஜ் மாணவி இருந்தாள். எப்போதும் கையில் போன். அவளிடம் கேட்டான்.

"யாமிரான்னா இன்னாம்மா அர்த்தம்? கொஞ்சம் போன்ல பாத்து சொல்லேன்."

அவள் தட்டினாள். "நிலா வெளிச்சம்னு போட்டிருக்குண்ணா. ஒரு நிமிஷம். இன்னொரு சைட்ல கடவுளோட பரிசுன்னு இருக்கு. இதுல, கடலைப் பாக்கிறவ. இதுல வந்து, தைரியமான மான்."

"மானா?"

"தைரியமான மான்."

அப்படி ஒரு மானை லோகு இதுவரை கேள்விப்பட்டதில்லை.

"இந்தப் பேர் இருக்கிறவங்களுக்கு நீல கலர் ராசி," என்று அவள் படித்துக்கொண்டே போனாள். "பொறந்ததுலேருந்தே தலைமைப் பண்பு இருக்கும். பொய் சொல்றவங்களைச் சட்டுனு கண்டுபிடிச்சிடுவாங்க."

வண்டி லேசாக ஆடியது. குழந்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தது ஞாபகம் வந்தது.

"ரேட்டிங் அஞ்சுக்கு நாலரை ஸ்டார்ண்ணா."

"பேருக்கு யாரும்மா ஸ்டார் குடுக்கறாங்க?"

"தெரியலண்ணா. அரை ஸ்டாரை ஏன் குறைச்சாங்கன்னும் தெரியல."

இருப்பதில் மாமியாருக்குப் பிடிக்கக்கூடியது கடல்தான் என்று லோகு கணக்குப் போட்டான். கோவளம் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள் அங்காளம்மாள். வீட்டுக்குப் போய், "கரெக்டா கண்டுபுடிச்சிட்டேன் அத்தே. கடல பாக்கிறவ. வெளிநாட்டு பாஷை" என்று அடித்துவிட்டான்.

அங்காளம்மாளின் முகம் மலர்ந்தது. "என் வம்சத்துக்கு ஏத்த பேரு," என்றாள். லோகு ஒரு பெருமூச்சு விட்டான். அந்தப் பெருமூச்சு முடிவதற்குள் துர்கா குழந்தையைத் தொடையில் போட்டுத் தட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். குரல் நிதானமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"மொதல்ல வெளிச்சம்ன. அப்பால பழைய தமிழ்ன. அரபின்ன. இப்ப கடல்ங்கற. அர்த்தம் தெரிஞ்சு ஒருத்தன் பேரு வைப்பான். அர்த்தமே தெரியாம ஒரு பேரை ரோஜாப்பூ போட்டு எழுதினா, அது பேருக்காக எழுதினது இல்ல. ஆளுக்காக எழுதினது."

"துர்கா..."

"யாருய்யா அவ? எனக்கு முன்னாடியா?"

"அய்யோ, சின்னப் பொண்ணுமா," என்று அலறினான் லோகு. யோசிக்க நேரமில்லை. "ஸ்கூல் பொண்ணு. ரெண்டாங்கிளாஸ். நான் வாடகை வண்டி ஓட்டுனப்ப தெனம் ஏத்திக்கினு போவேன். அவ்ளோ புத்திசாலி. மரியாதைன்னா மரியாதை. எறங்கும்போது தேங்க்யூ அங்கிள்னு சொல்லும். பொறந்தா இப்படி ஒரு பொண்ணு பொறக்கணும்னு நெனச்சேன். அதான் அந்தப் பேரு."

துர்கா தட்டுவதை நிறுத்தினாள். மெல்ல அவள் முகம் இளகியது.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றாள். "எவ்ளோ நல்ல விசயம்."

"கூச்சமா இருந்துச்சு."

"அப்ப ஒண்ணு செய்யி. ஞாயித்துக்கெழம அந்தப் பொண்ணையே கூட்டிக்கினு வா. அவ வாயால கொழந்த காதுல பேரு சொல்லட்டும்."

"அது எங்க கீதோ..."

"கூட்டிக்கினு வந்தா இந்தப் பேரு. வரலேன்னா வேற பேரு. வேற பேரு வைக்கணும்னா," துர்கா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள், "நீ வெச்ச ஒரு பேரும் எனக்கு வேணாம். கொழந்தய தூக்கிக்கினு அம்மாவோட கோவளம் போயிருவேன்."

மாமியார் பின்னாலிருந்து தலையாட்டினாள். அவள் கூடையைக்கூட எடுத்து வைத்துவிட்டது போலிருந்தது.

மறுநாள் காலை லோகு சேலையூரில் ஜாகிர் வீட்டு வாசலில் நின்றான். ஜாகிர் ஆட்டோவை விற்றுவிட்டு ஏசி மெக்கானிக் வேலைக்கு மாறியிருந்தார். கையில் ஸ்பேனரோடு வந்தவரின் முகம் லோகுவைப் பார்த்ததும் மாறியது.

"வண்டில ஏதாச்சும் ரிப்பேரா தம்பி?"

"வண்டி தங்கம் பாய். பேருதான் ரிப்பேரு."

ஜாகிர் திரும்பி வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்தார். கதவை மெதுவாகச் சாத்தினார். லோகுவின் தோளில் கை போட்டுத் தெருமுனை வரைக்கும் நடத்திக்கொண்டு போனார்.

லோகு எல்லாவற்றையும் கொட்டினான். பரணி, ரோஜா, வெளிச்சம், குருக்கள், கடல், மான் வரைக்கும். ஜாகிர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவர் அனுதாபம் லோகுவுக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது.

"ரொம்பக் கஷ்டம் தம்பி. எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு எப்படி பாய் தெரியும்?"

"பொதுவா சொல்றேன். ஆம்பளைங்க கஷ்டம்."

"பாப்பாவ ஞாயித்துக்கெழம கூட்டிக்கினு வந்தீங்கன்னா போதும். காதுல பேரு சொல்லிட்டு பாயசம் சாப்ட்டுட்டு போயிரலாம். வண்டி மட்டும் உங்களுதுன்னு யாரும் காட்டிக்க வேணாம்."

"வந்துர்றோம். அதுக்கென்ன."

"அப்பறம் பாய், அந்தப் பேருக்கு உண்மையிலேயே இன்னா அர்த்தம்? நீங்க வெச்சவரு. உங்களுக்குத் தெரியுமே."

"டீ சாப்பிடறீங்களா?" என்றார் ஜாகிர்.

"இல்ல பாய், அர்த்தம்..."

"இங்க மசால் வடை நல்லா இருக்கும்."

லோகு வடை சாப்பிட்டான். மறுபடி கேட்டான். ஜாகிர் வானத்தைப் பார்த்தார். மழை வரும் போலிருக்கிறது என்றார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

பிரியும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, "ஒரு சின்ன ஹெல்ப்பு தம்பி," என்றார். "விசேஷத்துல என் வீட்டுக்காரி சித்திகாகிட்ட மட்டும் அர்த்தம் கிர்த்தம்னு எதையும் கேட்டுறாதீங்க. உங்க வீட்டுலயும் சொல்லி வைங்க."

பெயருக்குப் பின்னால் ஏதோ குடும்பத் துக்கம் இருக்கிறது போல என்று லோகு நினைத்துக்கொண்டான். அதற்கு மேல் கேட்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை லோகு முதல் வேலையாக ஆட்டோவை இரண்டு தெரு தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினான். அங்காளம்மாள் ஆள் விட்டுத் திரும்பக் கொண்டுவரச் செய்தாள். "பேரு வைக்கிற அன்னிக்கு பேரு எழுதின வண்டி வாசல்ல இல்லேன்னா எப்டி?" என்று மாலையும் போட்டாள். லோகு பழைய போர்வை ஒன்றை எடுத்து வண்டியின் பின்பக்கத்தைப் போர்த்தினான். கேட்டவர்களிடம், பெயின்ட் வெயிலில் கெடும் என்றான். குழந்தைக்குப் போர்த்துகிற அக்கறையோடு அவன் ஓரங்களைச் செருகிவிடுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மனம் நெகிழ்ந்தார்கள்.

ஜாகிர் குடும்பம் வந்தது. முன்னால் ஜாகிர், வெள்ளைச் சட்டையில், பரீட்சைக்கு வந்த பையன் போல வியர்த்துக்கொண்டு. பின்னால் சித்திகா, கையில் குழந்தைக்கு ஒரு கவுன் பொட்டலத்தோடு. நடுவில் யாமிரா. ரெட்டைச் சடை, பெரிய கண்ணாடி, முன்பல் ஒன்று இல்லை. லோகு அவளை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தான். "வாடா கண்ணு" என்று வருஷக்கணக்காகப் பழகியவன் போல வரவேற்றான்.

"தேங்க்யூ அங்கிள்," என்றாள் யாமிரா.

துர்கா லோகுவைப் பார்த்தாள். அவன் சொன்னது அப்படியே நடந்துவிட்டதில் அவள் கண்ணில் பெருமை பொங்கியது. லோகுவுக்கே அந்த நிமிஷத்தில் தான் சொன்னதெல்லாம் உண்மைதானோ என்று ஒரு சந்தேகம் வந்தது.

தொட்டிலில் குழந்தை கத்திக்கொண்டிருந்தது. யாமிரா எக்கி நின்று, தொட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அதன் காதருகே குனிந்தாள். "யாமிரா," என்றாள். அழுகை நின்றது. "யாமிரா." குழந்தை கண்ணைத் திறந்தது, இந்தத் தடவை இரண்டையும். "யாமிரா," என்று மூன்றாம் முறை சொன்னபோது, பல் விழுந்த இடைவெளி வழியாக வந்த காற்று பட்டோ என்னவோ, குழந்தை சிரித்தது.

சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டு வைத்தார்கள். அங்காளம்மாள் மூக்கைச் சிந்தினாள். துர்கா அந்தச் சின்னப் பெண்ணை இழுத்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். எல்லாம் முடிந்தது, இனி பாயசம்தான் பாக்கி என்று லோகு நிம்மதியாகத் திரும்பினான்.

பாயசத்துக்கு உட்கார வாசலில் பாய் போதவில்லை. அங்காளம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். வண்டி மேல் ஒரு போர்வை சும்மாதானே கிடக்கிறது என்று உருவி எடுத்து உதறித் தரையில் விரித்தாள்.

"அத்தா," என்றாள் யாமிரா, வாசலிலிருந்து, கணீரென்று. "நம்ம வண்டி."

ஜாகிர் வானத்தைப் பார்த்தார்.

"நான் இதுல தானே ஆன்ட்டி தெனம் ஸ்கூலுக்குப் போவேன். அத்தா ஓட்டும். இதோ பாருங்க, என் பேரு. இந்த ரோஜாதான் புதுசு."

பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த கரண்டி பாதியில் நின்றது. துர்கா எழுந்து வந்தாள். பெயரைப் பார்த்தாள். சின்னப் பெண்ணைப் பார்த்தாள். கடைசியில் லோகுவைப் பார்த்தாள். இதற்கு மேல் சொல்வதற்கு லோகுவிடம் எந்த மொழியும் மிச்சமில்லை.

"நான் எழுதல துர்கா," என்றான். "வண்டியோட வந்தது. உன் பேர எழுதத்தான் குடுத்தேன். பொண்ணு பேர அழிக்க மாட்டேன்னுட்டான் பெயின்டரு. சத்தியமா. உன் பேரு முன்னாடி மட்கார்டுல கீது."

துர்கா முன்னால் போய்க் குனிந்து பார்த்தாள். நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. பார்த்தாள். அவள் திரும்பி வந்தபோது முகத்தில் கோபமா, சிரிப்பா என்று லோகுவால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன.

"இத்தையே அன்னிக்கு சொல்லியிருந்தா?" என்றாள்.

"நம்பியிருப்பியா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மாட்டேன்," என்றாள் நேர்மையாக.

உள்ளே தொட்டிலில் குழந்தை 'ங்' என்றது. அங்காளம்மாள் ஓடிப் போய், "யாமிரா கண்ணு, இன்னாடி, இதோ கீறேன்டி" என்று கொஞ்சுவது வெளியே கேட்டது. குழந்தை அதற்குப் பதில் சொல்வது போல மறுபடி 'ங்' என்றது. அந்தப் பெயரை இனி அதனிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது என்பது துர்காவுக்கும் தெரிந்துவிட்டது. அவள் தோள் மெல்லத் தளர்ந்தது.

"சரி, ஆனது ஆச்சு," என்றாள். சித்திகாவின் பக்கத்தில் போர்வையில் போய் உட்கார்ந்தாள். "இந்தாளு சொல்றது எதையும் இனிமே நான் நம்பறதா இல்ல. நீங்களாச்சும் சொல்லுங்கக்கா. இந்தப் பேருக்கு இன்னாதான் அர்த்தம்? பாய் எங்கேருந்து புடிச்சாரு இத்த?"

லோகு பதறிக் கையை ஆட்டினான். நேரம் கடந்துவிட்டது. ஜாகிர் பாயசக் கிண்ணத்துக்குள் மோதிரத்தைத் தொலைத்தவர் போலக் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

சித்திகா ஒரு முந்திரியை எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்றாள்.

"எனக்கெப்படிம்மா தெரியும்," என்றாள். "சர்ச்சுக்குப் போற ஜெர்சன் அண்ணன்கிட்டேருந்து இந்த வண்டிய வாங்கிட்டு வந்த அன்னிக்கே பின்னாடி இந்தப் பேரு எழுதியிருந்துச்சு, யாருங்க இதுன்னு கேட்டேன், 'பொறக்கப்போற நம்ம பொண்ணு பேரு'ன்னாரு."